டீமைக் கேட்காமல் கொடுத்த வாக்கு

இளங்கோவனின் உத்தியோகம் வாக்குக் கொடுப்பது. தினமும் ஏ.எஸ்.ராவ் நகரில் ஆபீஸ் வண்டி ஏறி, ஊரின் மறுகோடியிலுள்ள கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய், அமெரிக்காவிலிருந்து கிளையண்ட் போனில் எதைக் கேட்டாலும் "வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம்" என்பார். அந்த வெள்ளிக்கிழமைக்காகக் கண் விழிக்கப்போகிற பையன்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டால் முடியாது என்று சொல்லித் தொலைப்பார்களே! இந்தத் திறமையை மெச்சித்தான் கம்பெனி அவரை ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கியிருந்தது. அடுத்த வாரம் கிளையண்டை நேரில் பார்க்க அமெரிக்காவுக்கும் அனுப்புவதாக இருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டிலேயே ஒரு ப்ராஜெக்ட் மாட்டியது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஹர்ஷிதா மாநில ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். உள்ளங்கை அகலமே தேறும் பீம் என்கிற கட்டையின் மேல் கரணம் அடித்து, அதே பீமில் வந்து நிற்கிற பெண். கரணம் அடிப்பது அவள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது இவர்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் ஏறியது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே 'ரிஸ்க்' அலசப்பட்டது. ஜலதோஷம் வந்தால் என்ன செய்வது, போட்டியன்று பந்த் அறிவித்தால் எந்தச் சந்து வழியாகப் போவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஐஸ்கிரீம் ஒழிந்தது, பாதாம் பால் வந்தது. இணையத்தில் ரஷ்யப் பெண்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கோச் ராகவேந்திராவுக்கே கால் வைக்கும் முறையைப் பற்றி வகுப்பெடுத்தார். ராகவேந்திரா பொறுமைசாலி. இரண்டு கையையும் கூப்பி, தெலுங்கில் "சார், மீரு கேலரிலோ கூர்ச்சோண்டி" என்று உட்காருமிடத்தைக் காட்டினார்.

இந்த அமளியில் ஹர்ஷிதாவுக்கென்று மிஞ்சியது அவள் தலைமுடி மட்டும்தான். இடுப்பைத் தாண்டிய முடி. பயிற்சிக்கு இடைஞ்சல், கொஞ்சம் வெட்டிக்கொள் என்று கோச் சொல்லிப் பார்த்தும் அவள் அசையவில்லை. அம்மா பகவதி தினமும் அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு, ஊசி ஊசியாகச் செருகி அனுப்புவாள். அந்த வீட்டில் மகளின் சொல்படி நடந்த ஒரே சங்கதி அதுதான்.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம் கடைசி மீட்டிங். அப்பளத்தை நொறுக்கியபடியே இளங்கோவன் அறிவித்தார்.

"ஹர்ஷி, நீ எதுக்கும் பயப்படாதே. எல்லா ரிஸ்க்கும் கவர் பண்ணிட்டேன். மேல இருக்கிறவர்கிட்டயும் பேசியாச்சு. உனக்கு மெடல் கிடைச்சா திருப்பதிக்கு வந்து உன் முடியைக் கொடுக்கறதா வேண்டிக்கிட்டேன்."

பகவதியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இந்த மனிதரின் அப்பா கருப்புச் சட்டைக்காரர். இவரும் போன வெள்ளிக்கிழமை வரை அவள் விளக்கேற்றுவதைப் பார்த்துச் சிரித்தவர்தான். பக்தி வந்ததுதான் வந்தது, சொந்தத் தலைக்கு வரக் கூடாதா?

"என் முடியா?" என்றாள் ஹர்ஷிதா. "எந்துக்கு டாடி? ஜெயிக்கிறதும் நானு, மொட்டையும் நானா?"

"முடி வளர்ந்துடும்மா. மெடல் திரும்ப வருமா?"

அவள் தட்டை நகர்த்திவைத்தாள். பிறகு மிக அமைதியாகக் கேட்டாள். "தோத்துட்டா முடி இருக்கும்ல?"

இளங்கோவனின் ரிஸ்க் அலசலில் இந்தக் கேள்வி எந்த மூலையிலும் இல்லை.

சாயங்காலம் கோச்சிடமிருந்து போன் வந்தது. "பாப்பாக்கு ஏமயிந்தி சார், என்ன ஆச்சு? எப்பவும் பீம்ல கண்ணை மூடிட்டே நிற்பா. இன்னைக்கு ஏறினா விழறா. விழுந்துட்டு அழக்கூட மாட்டேங்கறா."

இளங்கோவன் பேரத்தில் இறங்கினார். நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தால் போதாதா, நடந்தே மலையேறினால் சரிக்கட்டலாமா என்று பகவதியிடம் யோசனை கேட்டார்.

"ஆபீஸ்ல செய்யதைத்தானே வீட்லயும் செஞ்சிருக்கீங்க. வாக்கு குடுக்கது நீங்க, தலையைக் குடுக்கது இன்னொருத்தரு. முடிதானே சொன்னீங்க? ஒங்க முடியைக் குடுங்க."

இளங்கோவனின் கை தானாக உச்சிக்குப் போனது. அங்கே இருந்ததை முடி என்பது பெருந்தன்மை. இடது காதோரம் நீளமாக வளர்த்து, வழுக்கையைக் கடத்தி, வலது காதோரம் கொண்டுபோய்ப் படியவைத்த ஏற்பாடு. காற்றடிக்கும் இடங்களில் அவர் நிற்பதே இல்லை. அடுத்த வாரம் அமெரிக்கா வேறு.

கதவோரம் நின்ற ஹர்ஷிதா கேட்டாள். "குடுப்பீங்களா டாடி?"

"பார்க்கலாம்மா."

அவள் மேனேஜரின் மகள். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி உள்ளே போனாள். விழப்போகிறாள், வேண்டுமென்றே விழப்போகிறாள், தள்ளிவிட்டது நான்தான் என்று அந்த முதுகைப் பார்த்து இளங்கோவன் நினைத்தார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அம்மாவும் பெண்ணும் கிளம்பும்போது அவரைக் காணவில்லை. அரங்கத்தில் மற்ற அப்பாக்களெல்லாம் கேமராவும் கையுமாக முதல் வரிசையைப் பிடித்திருந்தார்கள். ஹர்ஷிதா உள்ளங்கைகளில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு கேலரியைப் பார்த்தாள். அம்மா பக்கத்து நாற்காலி காலி. அவள் பெயரைக் கூப்பிடப்போகிற சமயம், படிகளில் யாரோ ஒரு மொட்டை தடதடவென்று இறங்கி வந்து அந்த நாற்காலியில் உட்காரப் போனது.

"ஆள் வாராங்க" என்று பகவதி கையால் மறித்துவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

சலூன்காரர் ஒரு ஏற்பாட்டையும் மிச்சம் வைக்கவில்லை. காதோரத்தில் சின்ன வெட்டுக்காயம், அதில் ஒரு பஞ்சுத் துணுக்கு. இளங்கோவன் மகளைப் பார்த்து, தன் தலையைத் தானே தடவிக் காட்டினார். ஹர்ஷிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோச் முறைத்தும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சிரிப்போடுதான் பீமில் ஏறினாள்.

ஏறியவள் விழவில்லை. ஒரு இடத்தில் ஆடினாள், கைகளை விரித்துச் சமாளித்தாள், கரணம் அடித்து இறங்கி, நட்டுவைத்த மாதிரி நின்றாள். கேலரியில் ஒரு மொட்டைத் தலை அழுதுகொண்டிருந்தது.

மூன்றாவது இடம். வெண்கலம்.

பகவதிதான் விஷயத்தைக் கிளப்பினாள். "மெடல் வந்தா திருப்பதில முடின்னுதானே வேண்டினீங்க? ஒங்க முடி ஏ.எஸ்.ராவ் நகர் சலூன் குப்பைல கெடக்கு. இப்ப அவருக்கு எதைக் குடுக்கப் போறீங்க?"

இளங்கோவனுக்கு உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கெடுவுக்கு முன்பே வேலையை முடித்திருக்கிறார், அதுவும் தப்பான இடத்தில். மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடி வந்த ஹர்ஷிதா பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். அம்மா சொன்னது காதில் விழுந்திருந்தது. கை மெல்லக் கொண்டைக்குப் போனது.

வழக்கமான இளங்கோவனாக இருந்தால் அங்கேயே ஒரு தேதி சொல்லியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"ஹர்ஷி, அவர்கிட்ட என்ன சொல்லட்டும்? நீ சொல்றதைத்தான் சொல்வேன்."

இப்படி ஒரு கேள்வியை டாடியிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. கிட்டே வந்து, பொடி அப்பிய கையை அவர் மொட்டையில் வைத்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை தடவிப் பார்த்தாள். வெள்ளையாக ஐந்து விரலும் பதிந்தது.

"என் முடி வேண்டாம், நக்கோ டாடி. வெயிட் பண்ணச் சொல்லுங்க. உங்களுக்கு வளர்ந்ததும் போலாம்" என்றவள், இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வளர்ந்தா."

அந்த ஐந்து விரலை அன்று வீடு போய்ச் சேரும் வரை அவர் துடைக்கவே இல்லை.