செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

உகண்டாவிலிருந்து வந்திருந்த ஆசிரியை நக்காட்டோ திரையில் அடுத்த படத்தைக் காட்டினார். தலையில் தண்ணீர்க் குடத்துடன் ஒரு சிறுமி. மெற்றில்டா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு சேர்க்க மோர்டன் தேவாலய மண்டபத்தில் நடந்த கூட்டம் அது. விற்பதற்கு மீன் றோல் பொரித்தது அவள்தான். லண்டனுக்கு வந்த மூன்று வருடமும் பிறரிடம் கையேந்தியே அலுத்துப்போனவளுக்கு, கொடுக்கிறவர்களோடு இருப்பது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்தில் பத்து வயது மகள் பெர்னடெற், பேச்சைத் தமிழாக்கி அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பழகிய வேலைதான். டொக்டரிடம், வீடு தந்த கவுன்சிலில், உதவிப்பணம் தருகிற பெனிபிட் ஒஃபிசில் எல்லாம் அம்மாவுக்காகப் பேசுவது அவள்தான். அப்படிப் போகவேண்டிய நாட்களில் தொண்டையைச் செருமி, அம்மாவின் குரலை வருவித்து, பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் எடுத்து, “என் மகளுக்குக் காய்ச்சல்” என்று சொல்வதும் அவளேதான். அதைக் கேட்டுச் சிரித்துத் தகப்பனுக்குப் புரைக்கேறியிருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல் வரவிருந்தது. ஈரம் ஊறிய வீட்டை மாற்றிக் கேட்பதற்குக் கவுன்சில் அன்றைக்குத்தான் வரச்சொல்லியிருந்தது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கிற சோதனையும் அன்றைக்குத்தான்.

நக்காட்டோ திரையை விட்டுச் சனத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: “பிள்ளையைப் பள்ளிக்கு விடாமல் பெரியவர்களின் வேலையைச் சுமத்துகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்பான தாய்மார்தான். ஆனால் படிப்பு பிள்ளையின் உரிமை. தாய்க்கும் அதைப் பறிக்க உரிமை இல்லை.”

பெர்னடெற் அதைத் தமிழாக்கவில்லை.

“என்ன சொன்னவ, பிள்ளை?”

“கிணறு சரியான தூரமாம், அம்மா.”

மகளின் பக்கத்தில் நின்று நின்றே மெற்றில்டாவுக்கும் கொஞ்சம் இங்கிலிஷ் பிடிபட்டிருந்தது. மதர், சைல்ட், ஸ்கூல், றைட். போதுமான அளவு விளங்கியது. தாய் நோகக்கூடாதென்று மகள் பொய் சொல்கிறாள் என்பதும் விளங்கியது. திரையில் இருந்த பிள்ளைக்காக அழுத கண்ணுக்கு, பக்கத்தில் இருந்த பிள்ளை தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். “செவ்வாய்க்கிழமை உனக்குச் சோதனையெல்லே?”

“பரவாயில்லை அம்மா. நீங்கள் தனியப் போய் என்னத்தைச் சொல்லுவீங்கள்?”



செவ்வாய் காலை பெர்னடெற் வீட்டுச் சட்டையோடு ஃபோனடியில் நின்று தொண்டையைச் செருமினாள். மெற்றில்டா வந்து றிசீவரை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

“யூனிஃபோமைப் போடு. கவுன்சிலோட நான் கதைக்கிறன்.”

“உங்களுக்கு ஏலாதம்மா.”

“போ பிள்ளை.”

கவுன்சில் நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் “ஹலோ” என்றாள். பெர்னடெற் போகவில்லை. எதிரே நின்று, சொல்லவேண்டியதைச் சத்தமில்லாமல் உதடசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஹலோ?” குரல் மறுபடி கேட்டது.

மெற்றில்டா அந்த உதடுகளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெயின்ற் உரிந்து பூஞ்சணம் படர்ந்திருந்த இடத்தைப் பார்த்தபடி, “மை சைல்ட்... ஸ்கூல்...” என்று தொடங்கினாள்.