அம்மாவின் வயது

வெரோனிகாவுக்கு அது முதன்முதலில் வந்தது ஒரு கல்யாண வீட்டில். புந்தோங்கில் தினேஸ்வரி என்ற பெண்ணுக்கு முகூர்த்தம். மணப்பெண் அலங்காரம்தான் வெரோனிகாவின் பிழைப்பு. ஈப்போவில் கொஞ்சம் பேர் சொன்னால் தெரியும் அளவுக்கு அவள் வளர்ந்திருந்தாள். பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்குப் பூச்செல்லாம் முடித்து, கண்ணிமை ஓரமாக மை தீட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. அறையில் இருந்தவர்களின் பேச்சு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கண்ணாடியில் தெரிந்த தன் முகம் யாரோ ஒருத்தியின் முகம் போல இருந்தது.

கையில் இருந்த தூரிகை பெண்ணின் கண்ணுக்கு மயிரிழை தூரத்தில் நின்றது. அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்மா, டாய்லெட் போயிட்டு வாரேன்."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, ஈரத் தரையில் அப்படியே குந்திவிட்டாள். சாகப்போகிறோம் என்று நினைத்தாள். வெளியே பெண்ணின் சித்தி கதவைத் தட்டினாள். "என்னாங்க ஆச்சு? நேரம் ஆவுதுலா, ஐயர் வந்துட்டாரு!"

"காலையிலே சாப்பிடலே, வாயு புடிச்சிருச்சு" என்று பொய் சொன்னாள். எப்படியோ வெளியே வந்து மீதி வேலையை முடித்தாள். படத்தில் பார்த்தால் பெண்ணின் ஒரு கண் மற்றதைவிடச் சற்று அகலமாகத் தெரியும். யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

அடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட்டில் பால் டின் எடுக்கும்போது வந்தது. அதற்கப்புறம் லிஃப்டில். பிறகு சர்ச்சில், நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது. அவள் வரிசையிலிருந்து விலகி வெளியே ஓடியதை முன் பெஞ்சு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளினிக்கில் நெஞ்சுக்கு ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். "இருதயம் நல்லா இருக்கு, கவலப்படாதீங்க" என்றார் டாக்டர்.

அந்தச் சொல்தான் அவளைக் கவிழ்த்தது. நெஞ்சில் கோளாறு இல்லை என்றால் அப்புறம் தலையில்தானே?

அந்த எண்ணத்துக்கு அவளிடம் காரணம் இருந்தது. அவள் அம்மா நவமணியை, தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்தபோது, ஆம்புலன்சில் ஏற்றித் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெரோனிகா அப்போது முதல் வகுப்புக்கூடப் போகவில்லை. லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்ததும், அம்மாவின் ஒரு செருப்பு மட்டும் குழாயடியில் கிடந்ததும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யார் கொஞ்சம் மாறிப் பேசினாலும் பிள்ளைகள், "டேய், தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்!" என்று கத்துவார்கள். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு மட்டும் காது சுடும்.

அம்மா திரும்பி வந்தாள். ஆனால் வந்தவள் பேசாதவளாக, வீட்டைவிட்டு வெளியே போகாதவளாக, சன்னல் பக்கம் உட்கார்ந்தே இருந்தாள். வெரோனிகா வேலைக்குச் சேர்ந்த வருஷம் சர்க்கரை முற்றி இறந்துபோனாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அம்மாவுக்கு முப்பத்துநாலு. இந்த மார்ச்சில் வெரோனிகாவுக்கும் முப்பத்துநாலு ஆகிவிட்டது.

அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. லிஃப்ட் உள்ள கட்டடங்களில் வேலை ஒப்புக்கொள்வதை விட்டாள். பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டுவதை விட்டாள். பிறகு ஈப்போவைத் தாண்டிப் போவதையே விட்டாள். வீட்டில் இருக்கும்போது தன்னையே வேவு பார்த்தாள். இப்போது நான் நினைத்தது சரியான நினைப்பா? பக்கத்து வீட்டு டிவி சத்தம் நிஜமாகவே பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறதா? காதைச் சுவரில் வைத்துப் பார்ப்பாள். வைத்துப் பார்த்ததற்காக மறுபடி பயப்படுவாள். அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்திருக்கும்?

கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணன் கோலினுக்குப் போன் செய்தாள். கோலின் பழைய தோட்டத்துப் பக்கமே இருக்கிறான். பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டுவிட்ட அந்த மண்ணில் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். ஆள் பெரிய உடம்பு, பெரிய குரல். பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவன்.

"சும்மா நெனச்சி நெனச்சி நீயே பெருசாக்கிக்கிறே" என்றான். "டென்சன்லா. ரெண்டு நாளு இங்க வந்து இரு. சரியாப் போயிரும்."

"அங்க போகச் சொல்லிட்டாங்கண்ணே."

"எங்க?"

"தஞ்சோங் ரம்புத்தான்."

மறுமுனையில் லாரியின் எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

போகும் வழியெல்லாம் கோலின் காரில் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தான். வெரோனிகா சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பு மலைகள் வெள்ளை வெள்ளையாகப் பக்கவாட்டில் நகர்ந்தன. உள்ளே போனால் திரும்ப வெளியே விடுவார்களா? அவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டால்? அம்மாவைப் போல இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்தால்?

வாசலுக்கு எதிரே காரை நிறுத்திய கோலின் எஞ்சினை அணைக்கவில்லை.

"நீ எறங்கு. நான் பார்க் பண்ணிட்டு வாரேன்."

இறங்கினாள். உள்ளே பதிந்துவிட்டு, காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தாள். கோலின் வரவில்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை. எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தாள். அவன் கார் அங்கே இல்லை.

அப்போது அது வந்தது.

இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல வந்தது. நெஞ்சு இடித்த இடியில் சட்டை அசைவது கண்ணுக்கே தெரிந்தது. தொண்டையில் யாரோ துணி திணித்தது போல மூச்சு அடைத்தது. கூடம் நீண்டுகொண்டே போயிற்று. ஓடு என்றது உடம்பு. எங்கே ஓடுவது? கார் இல்லை. வாடகைக் காரைக் கூப்பிடலாம் என்றால் போனில் எழுத்துகளைத் தொட விரல் வரவில்லை. கத்தினால், இந்த இடத்தில் கத்தினால், அப்புறம் வெளியே விடுவார்களா? அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு, பழைய நாற்காலிக்கே நடந்து வந்து விழுந்தாள்.

வேறு வழி இல்லாததால் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். துணிச்சல் என்றெல்லாம் ஒன்றுமில்லை. வந்துட்டுப் போ, என்னைக் கொல்றதுன்னா கொல்லு என்று நினைத்தாள். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் போனில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மலாய்ப் பெண் தன் அக்காவுக்குத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. யாரையும் யாரும் பிடித்து இழுக்கவில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் போல ஒரு நர்ஸ் நம்பர் கூப்பிட்டாள்.

நெஞ்சின் இடி மேலே மேலே போயிற்று. இதற்குமேல் தாங்காது என்ற இடத்துக்கும் போயிற்று. பிறகு, அவள் ஒன்றும் செய்யாமலே, கொஞ்சம் தணிந்தது. மறுபடி ஏறியது, ஆனால் முன் போல இல்லை. கைகளைப் பார்த்தாள். விரல்கள் மெல்லத் தன் விரல்களாகத் திரும்பி வந்தன. முதுகெல்லாம் நனைந்திருந்தது. அவள் சாகவில்லை. அவளுக்குப் பைத்தியமும் பிடிக்கவில்லை.

டாக்டர் நஸ்ரியாவுக்கு அவளைவிட வயது குறைவு. தமிழ்க்காரி, லூமுட்டில் அவள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம். வெரோனிகா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள். சொல்லிவிட்டு டாக்டரின் முகத்தையே பார்த்தாள்.

"அம்மாவுக்கு வந்தது வேற நோய். உங்களுக்கு வந்திருக்கிறது அது இல்லே. இது பேனிக் அட்டாக்" என்றாள் நஸ்ரியா.

"அது எனக்கு வராதா?"

"வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். யாருக்குமே அப்பிடிச் சொல்ல முடியாது. வந்தா மருந்து இருக்கு, நாங்க இருக்கோம். ஆனா நீங்க இப்ப அதுக்காகப் பயந்து, அந்தப் பயம் வந்துருமோன்னு பயந்து, ஓடிக்கிட்டே இருக்கீங்க. ஓடி ஓடித்தான் இவ்வளவு பெருசாயிருக்கு. இன்னிக்கு வெளிய வந்துச்சே, ஓடுனீங்களா?"

"கார் இல்லே."

நஸ்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெரோனிகாவுக்கும்.

"என்னாச்சு அப்புறம்?"

"போயிருச்சு."

"யாரு போக வச்சா?"

"தானா போயிருச்சு" என்றாள் வெரோனிகா.

வெளியே வந்தபோது கோலின் சாலைக்கு அப்பால், ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் இருந்த காப்பி தொடப்படாமல் ஆடை படிந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"என்னால அந்த கேட்டுக்குள்ள வர முடியலே பாப்பா. காலு வரலே."

பாம்பைத் தூக்கி எறிகிறவன், நாற்காலியை நகர்த்தி அந்த கேட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"அன்னிக்கு அம்மாவ ஏத்துறப்ப நான்தான் கையப் புடிச்சேன். அப்பா புடிக்கச் சொன்னாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. 'விடுடா கோலின், நான் எங்கயும் போவலே'ன்னாங்க. இன்னும் கேட்குது."

வெரோனிகா அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "திரும்பி வந்தப்புறமும் அம்மா பேசவே இல்லையேண்ணே. நோவு அவ்வளவு மோசமா?"

கோலின் இல்லையென்று தலையை ஆட்டினான். "யாரு சொன்னா? அம்மா நல்லாத்தான் வந்தாங்க. வந்த வாரமே பால்வெட்டுக்குப் போறேன்னாங்க. சர்ச்சுக்குப் போவணும்னாங்க. அப்பா விடலே. நானும் விடலே. கத்திய ஒளிச்சி வச்சோம். பெட்டிக்கடைக்குப் போனாகூட பின்னாலேயே ஆள் போவும். சிரிச்சா பயந்தோம், அழுதா பயந்தோம். கொஞ்ச நாளு சண்ட போட்டுப் பாத்தாங்க. சண்ட போட்டா அதுக்கும் பயந்தோம். அப்புறம் சன்னல்கிட்ட போய் உக்காந்துட்டாங்க."

இத்தனை வருஷமும் வெரோனிகா அந்தச் சன்னலோர மௌனத்தைத்தான் நோய் என்று நினைத்திருந்தாள். இந்தச் சில மாதங்களாகத் தனக்குத் தானே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் அந்த மேசையில் வைத்துத்தான் தெரிந்தது. கத்தியை ஒளித்தவளும் அவளே, பின்னாலேயே போய் வேவு பார்த்தவளும் அவளே.

அண்ணனின் குளிர்ந்த காப்பியைத் தள்ளிவிட்டு, இரண்டு புதுக் காப்பி சொன்னாள்.

அதற்கப்புறம் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. லிஃப்டில் ஒரு மாடி ஏறி, வியர்த்து இறங்கினாள். நெடுஞ்சாலையில் கோப்பெங்வரை ஓட்டினாள். திரும்பி வரும்போது ஓரங்கட்டி அழுதாள். சில நாள் கட்டிலைவிட்டே எழவில்லை. மாத்திரை கொஞ்சம் உதவியது. நஸ்ரியாவிடம் பேசியது கொஞ்சம் உதவியது.

டிசம்பரில் பங்கோர் தீவிலிருந்து ஒரு வேலை வந்தது. டோரிஸ் என்ற பெண்ணுக்குச் சர்ச்சில் கல்யாணம். வெரோனிகா முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வாயில் வந்தது "சரி" என்ற சொல்.

லூமுட்டில் பெர்ரிப் படகில் ஏறும்போதே கால் தயங்கியது. உள்ளே குளிர், சன்னல்கள் திறக்காதவை. கதவைச் சாத்தினார்கள். படகுத்துறை பின்வாங்கியது. கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் கடந்துபோயின. கரை சிறுத்துப்போனதும், இனி இறங்க முடியாது என்று அவள் நினைத்த அதே கணத்தில், நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. விரல்கள் மரத்தன. படகோட்டியிடம் போய்த் திருப்பச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அலங்காரப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி உட்கார்ந்தாள். அதை விரட்டவில்லை. போய்விடு என்று கெஞ்சவும் இல்லை. உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பயம் கேட்ட கேள்விகளில் அது ஒன்று நியாயமானதாகப் பட்டது. மற்றவற்றுக்குப் பதில் சொல்லாமல் இருந்தாள். படகு அலையில் ஏறி இறங்கியது. அதுவும் ஏறி இறங்கியது.

தீவில் இறங்கிக் கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்தும் நடுக்கம் முழுசாக விடவில்லை. டோரிஸின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? கடல் ஒத்துக்கலையா?"

வாயு, வெயில், சாப்பிடவில்லை என்று சொல்ல எத்தனையோ இருந்தன.

"பயம் ஆண்ட்டி. எனக்கு இப்பிடி வரும். கொஞ்ச நேரத்துல எறங்கிரும். அது வரைக்கும் உக்காந்துக்கிறேன்."

அந்த அம்மா தண்ணீர் எடுக்கப் போனார். தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்த டோரிஸ் அதைக் கேட்டுவிட்டிருந்தாள். வெரோனிகாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்க்கா. நேத்துலேருந்து வயித்தக் கலக்குது. யாருகிட்டயும் சொல்லலே."

"சொல்லு, கேக்குறேன்" என்றாள் வெரோனிகா. பெட்டியைத் திறக்காமல் அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.