தலைமை விளக்கெண்ணெய்

என் வேலை ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது. அதைப் புதுப்பிக்காவிட்டால் விசாவும் போய்விடும். அந்த நேரம் பார்த்தா என் வாய்க்கு நமைச்சல் எடுக்க வேண்டும்?

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் விளக்கெண்ணெயிலிருந்து நைலான் செய்கிறோம். பெட்ரோலியத்துக்குப் பதில் ஆமணக்கு விதை. பிற்பாடு பல் பிரஷ்ஷின் நாராகப் போவது. மூன்று நாள் பாடுபட்டு ஈரம் போக உலர்த்திய துகள்களை உருக்குவதற்காக விரித்து வைத்திருந்தேன். எங்கள் தலைவர் டாக்டர் ஹோல்ட்காம்ப் உள்ளே வந்தார். "காற்றோட்டம்!" என்றபடி நான்கு ஜன்னல்களையும் திறந்துவிட்டார். வெளியே மழை.

"விளக்கெண்ணெய்! சரியான விளக்கெண்ணெய்!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்திவிட்டேன். மதுரையில் பிறந்தவனுக்கு மந்தமான ஆளைத் திட்ட இதைவிட வாகான சொல் கிடையாது.

அவர் எங்கள் ஆய்வக உதவியாளர் தேனுஜாவிடம் பொருள் கேட்டார். பக்கத்து நகரமான எசனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மதுரைத் திட்டுகளில் அவளுக்குப் பயிற்சி போதாது.

"என்ன சொல்லித் தொலைச்ச?" என்று பிறகு கேட்டேன்.

"ஏன் அண்ணை? எங்கட மூலப்பொருளின்ர பேர்தானே. வெளிச்சம் குடுக்கிற எண்ணெய் எண்டு சொன்னனான். அவருக்குக் கண் கலங்கிட்டுது."

முப்பது வருடத்தில் தன்னை யாரும் மூலப்பொருளோடு சேர்த்துப் பேசியதில்லையாம். அடுத்த வாரம் அவர் கதவில் ஒரு பலகை: "விளக்கெண்ணெய் டாக்டர் ஹோல்ட்காம்ப்." எங்கள் நைலானில் வார்த்த முதல் பொருள் அதுதான். சீக்கிரமே அது பதவியாகிவிட்டது. தினமும் காலையில் ஆய்வகத்தின் எட்டுப் பேரும் "வணக்கம், விளக்கெண்ணெய்" என்று அவருக்குக் கை கொடுத்தார்கள். கிடங்கு மேலாளர் துணை விளக்கெண்ணெய் ஆக விண்ணப்பித்தார். படிவம் மூன்று பக்கம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஹோல்ட்காம்ப் அறை வரை போவேன். மேசையில் என் ஒப்பந்தம் கையெழுத்தில்லாமல் கிடக்கும். திரும்பிவிடுவேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். தலைமையகத்துக்கு மாற்றலாகிப் போகிறாராம். பலகையில் தன் பெயரை மட்டும் சுரண்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பெயருக்கு இங்கே உங்களைவிடத் தகுதியானவர் இல்லை," என்றார். ஒப்பந்தம் நிரந்தரம். பதவி: தலைமை விளக்கெண்ணெய். மனிதர் உண்மையாகவே அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

அந்தக் கடிதத்தோடுதான் விசாவைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே இருந்த அதிகாரியின் பெயர்ப் பட்டையைப் பார்த்தேன்: சிவமலர். தமிழ்ப் பெயர். வேறு வழியில்லாமல் கடிதத்தை நீட்டினேன்.

ஜெர்மன் எழுத்தில் இருந்த அந்த ஒரு தமிழ்ச் சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தார். நிமிர்ந்தார்.

"தம்பி, நான் சென்னைச் சீரியல் ஒண்டையும் பாக்காமல் விடுறேல்லை. இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியும்."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"இந்த அன்ட்றாக் படிவத்தில இருக்கிறது சரியெண்டு நீங்கள் வாயால சொல்லோணும். இல்லாட்டி விசா தர ஏலாது. சொல்லுங்கோ, நீங்கள் தலைமை விளக்கெண்ணெயோ?"

பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"ஆமாங்க," என்றேன்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"நிரந்தரமா."

முத்திரை குத்தினார்.