மஸ்கட் உப்பு

தூத்துக்குடி உப்பைத் தவிர வேறு உப்பு என் நாக்கில் பட்டால், அந்த நாக்கை அறுத்து ஐந்தருவியில் விட்டுவிடுவேன். இதை நான் கல்லூரி கேண்டீனில், சாட்சிகள் முன்னிலையில், சாம்பார் சாதத்தின் மேல் கைவைத்துச் சொன்னேன்.

காரணம் அம்மா. மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டுப் பெரியவருக்கு பிரஷர் என்பதால் சோடியம் குறைந்த உப்புதான் போடுவார்களாம். அப்பாவுக்கும் பிரஷர் வந்ததும், ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் அதே உப்பை டப்பா டப்பாவாகத் திணித்துவிட்டாள். உப்பளங்களைத் தாண்டி, விமானத்தில், தென்காசிக்கு உப்பு.

அப்பா ஜெபசிங் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர். கொதிக்கிற எண்ணெயில் உப்புத்தண்ணீர் தெளித்து ஊருக்கே உப்புப் போடுகிற மனிதர், தன் சோற்றுக்கு மட்டும் பையிலிருந்து அந்த டப்பாவை எடுப்பார்.

“கசக்கும்லாப்பா?”

“கசக்கலைலே. ஒங்கம்மா கை பட்டது.”

“மிஷின் கை பட்டது.”

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா வீடியோ காலில் வருவாள். முதல் கேள்வி, “டப்பாவக் காட்டுங்க.” மட்டம் இறங்கியிருந்தால் சிரிப்பாள். இறங்காவிட்டால், “நான் அனுப்புனது வேண்டாம், என்ன?” என்பாள். பிறகு, “சாரல் விழுதா? போனை ஜன்னல் பக்கம் திருப்புலே.” போன சீசனுக்கும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

இந்தச் சீசனில் அப்பாவுக்குக் கால் தளர்ந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, அப்பா பெருமையாக டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கு. நீங்க முழுங்குற பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்புல தங்க வைக்கும். ரெண்டும் சேர்ந்தா இதயத்துக்கு ஆபத்து. இதை இன்னையோட விடுங்க. சாதா உப்பையும் குறைங்க.”

“இது வீட்டுக்காரி அனுப்புனது சார்.”

“மாத்திரை நான் கொடுத்தது.” டாக்டர் என்னைப் பார்த்தார். “மாத்திரை இல்லாம, கிட்னி நல்லா இருக்கவங்க போடலாம். தம்பிக்கு ஆகும்.”

“எனக்கு நாக்கும் நல்லா இருக்கு சார்.”

வெளியே வந்ததும் அப்பா சொன்னார். “அவகிட்ட சொல்லீராதலே. தன்னாலதான்னு அங்கன தனியா உக்காந்து அழுவா. வரட்டும், நேர்ல நானே சொல்லுதேன்.”

ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா போனில் வந்தாள்.

“டப்பா அப்படியே இருக்கே? ஏங்க, நான் பாக்க ஒரு வாய் போட்டுச் சாப்பிடுங்க. நான்தான் பக்கத்துல இல்ல. என் உப்பாவது இருக்கட்டும்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டார். கை சோற்றுக்கு நேராக வந்துவிட்டது. அந்த மனுசன் போட்டே விடுவார்.

டப்பாவைப் பிடுங்கி என் தட்டில் தட்டினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

“ஏலே! நீயுமா திங்க?” அம்மா முகத்தை போனுக்கு வெகு அருகில் கொண்டுவந்தாள். “எப்படிலே இருக்கு?”

“நல்லாருக்கும்மா.”

அவள் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிக்னல் போய்விட்டது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனார். நன்றாகத்தான் கசந்தது. இப்போது யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. டப்பாவைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.