சர்க்கரை இறங்கும் நிலையம்

1.

இந்தக் கதை ஒரு சிலேடையில் பிறந்தது. அதை மறைத்து எழுதலாமா என்று பார்த்தார் ஒலி முகம்மது. கதை நகர மறுத்தது. ('நான்' என்றும் எழுதிப் பார்த்தார். போலீசில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் இருந்தது. அதனால் 'அவர்'.)

பகலில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு வேலை. மற்ற நேரத்தில் கிண்டல் கதைகள். வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்பி டாக்டரைத் திட்டுகிறவர்களைக் கேலி செய்ய ஒரு போலி வைத்தியரை உருவாக்கினார். அந்த வைத்தியர் சொல்வார்: "ஃபேரர் பார்க்கில் ரயிலேறி, வடகிழக்கு பார்த்தபடி போங்கள். பொங்கோலில் நீங்கள் இறங்கும்போது சர்க்கரையும் இறங்கிவிடும்."

எழுதி இணையத்தில் போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தார். இவ்வளவு அபத்தத்தை எவன் நம்புவான்?*

* நம்பினார்கள்.

2.

யாரோ கதையை வெட்டிவிட்டு வைத்தியத்தை மட்டும் அனுப்பிவிட்டார்கள். ரயில் படம், பூங்கொத்து எல்லாம் ஒட்டிக்கொண்டு அது அவர் குடும்பக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் அவருடைய லாத்தா, மூத்த சகோதரி ரபியா. கீழே ஒரு வரி: 'கொஞ்ச நாளா போறேன். கைமேல் பலன்.'

லாத்தாவுக்கு நாள்பட்ட சர்க்கரை. மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்ல, முன்பொரு தடவை நிறுத்திப் பார்த்து, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

3.

ஒரு முடிவு தயாராகத்தான் இருந்தது: பொங்கோல் ரயிலில் ரபியா சரிந்து…

(வேண்டாம். கிண்டல் கதையில் முட்டாள் சாவது வழக்கம். லாத்தா முட்டாள் இல்லை.)

இன்னொன்று: தம்பி உண்மையைச் சொல்ல, லாத்தா கண்ணீர் மல்க அறிவியலை…

(எழுதியவருக்கே நம்பிக்கை வரவில்லை.)

நடந்தது இதுதான். வேலை முடிந்ததும் பதறியடித்துப் பொங்கோலுக்குப் போனார். நிலையத்துக்குப் பக்கத்து நீர்வழிப் பூங்காவில் லாத்தா விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

"ஏன்டா தம்பி, இப்படி மூச்சு வாங்குது?"

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா லாத்தா?"

"எதுக்கு நிறுத்தணும்? மறுபடி விழுந்து கெடக்கவா? மாத்திரையும் போடுறேன், எம்ஆர்டி ரயில்லயும் போறேன். ரெண்டும் இருக்கட்டும் லா."

அப்பாடா! அங்கிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"சரி, இங்க எதுக்கு நடக்குறீங்க?"

"எறங்கின ஒடனே திரும்ப ஏறினா, சுகரும் கூடவே ஏறிடும்ல? அதான் நல்லா நடந்துட்டு ஏறுவேன்."

நடங்கள் நடங்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டபோது அசையாத லாத்தா! ஒலி முகம்மதுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"லாத்தா, அது நான் எழுதுனது. சும்மா விளையாட்டுக்கு."

"நீயா? போடா. ஒனக்கு எங்க இவ்வளவு வெவரம்?"

4.

லாத்தா தப்பித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு ரயிலேறுகிறவர்கள்? நல்ல தமிழில், காரணங்களோடு நீளமாக ஒரு மறுப்பு எழுதிக் குழுவில் போட்டார். ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

பிறகு தன் போலி வைத்தியரையே எழுப்பி உட்காரவைத்தார். "எச்சரிக்கை! டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ரயில் பலிக்காது. பொங்கோலில் நடக்காமல் திரும்பினால் சர்க்கரை மறுபடியும் ஏறிக்கொள்ளும்." லாத்தாவுக்கு அனுப்பினார். மறுநாள் சரக்குக் கிடங்கில் உடன் வேலை பார்க்கும் பாலகிருஷ்ணன் அதையே அவருக்கு அனுப்பினார், 'மிக மிக முக்கியம்' என்ற தலைப்போடு.

இதில் ஜெயித்தது அறிவியலா, வைத்தியரா? அவருக்குத் தெரியாது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

முடிவு அவர் கையில் இல்லை, உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. இந்தக் கதையையும் வெட்டி யாருக்காவது அனுப்பத்தான் போகிறீர்கள். அனுப்புங்கள். எங்கு வேண்டுமானாலும் வெட்டுங்கள், எழுதியவர் பெயரைக்கூட. அந்த மாத்திரை வரியை மட்டும் வெட்டாதீர்கள்.