கேட்டுத் தாழ்ப்பாளும் கறுப்புத் தூளும்

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையோரப் பெண்கள் விடுதிக்கு அழகுமுத்து காவல்காரர். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். படித்தவர்களை அவர் நம்புவதில்லை. படிக்காதவர்களையும் அப்படித்தான்.

விடுதியில் தங்கியிருந்த நேசமலர் யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். விடுதி வாசல் கேட்டின் தாழ்ப்பாளுக்கு அவர் தேங்காயெண்ணெய் ஊற்றுவதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

"ஐயா, எண்ணெயில உப்பும் மணலும் ஒட்டித்தான் அது இறுகுது. துடைச்சுப்போட்டு என்னட்டை இருக்கிற மினிரன் தூளை, அதுதான் பென்சில் கரியை, பூசுங்கோவன்."

"நாந்தான் அரம் போட்டு கண்ணாடி மாதிரி தேச்சு வச்சிருக்கேனே."

"உங்கட கண்ணுக்குத்தான் கண்ணாடி. மயிரிழையை ஆயிரமாக் கிழிச்ச அளவில பாத்தா எல்லாம் மேடும் பள்ளமும். மேட்டோட மேடு கொளுவுது. மினிரன் தாள் அடுக்கின மாதிரி, ஒண்டுக்கு மேல ஒண்டு வழுக்கும். கடற்காத்தின்ர ஈரமும் அதுக்கு உதவி."

"ஈரம் உதவியா? போம்மா, போ. கறுப்புத் தூள வச்சுக்கிட்டு இந்தச் சண்டைக் காலத்துல கதை பேசாத, வெடிமருந்துன்னு பொலிஸ் புடிச்சிரும்."

அவர் பயந்தபடியே ஆனது. ஒரு பின்னேரம் பொலிஸ் சோதனைக்கு வந்தது. தட்டியதும் திறக்க வேண்டிய கேட், தாழ்ப்பாள் இறுகி, எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. ஒருவழியாகத் திறந்தபோது, "இவ்வளவு நேரம் உள்ளே எதை ஒளித்தாய்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். அடுத்து, நேசமலரின் அலுமாரியில் தூள் டப்பா அகப்பட்டது.

அவள் ஆங்கிலத்தில் உராய்வு, நானோ என்று சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. "ஜீப்பில் ஏற்று" என்றார். யுத்த காலத்தில் அப்படி ஏறியவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அழகுமுத்துவுக்குத் தூளில் நம்பிக்கை இல்லை. ஆனால் சந்தேகத்தைக் கிளப்பியது தன் தாழ்ப்பாள்தான் என்பது தெரியும். மண்ணெண்ணெய்த் துணியால் அதை அழுந்தத் துடைத்தார்.

"மஹத்தயா, மே மினிரன். பலன்ன," இது மினிரன்தான், பாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லி, பொலிஸ்காரர் கையிலிருந்த டப்பாவில் விரலை விட்டுத் தூளை எடுத்துத் தாழ்ப்பாளில் தடவினார்.

இரண்டு விரலுக்கே தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

கேகாலைக்காரப் பொலிஸ்காரர் ஒருவர் தூளைத் தொட்டுப் பெருவிரலில் தேய்த்தார். "எங்கள் ஊர்ச் சுரங்கத்துச் சாமான்தான் சேர். அப்பா வேலை முடிந்து வந்தால் முகமெல்லாம் இதுதான்."

இன்ஸ்பெக்டர் தானே தாழ்ப்பாளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசித் துண்டை நீட்டினார். "கொஞ்சம் போடு. ஜீப் கதவும் இறுகுகிறது."

ஜீப் போன பிறகும் நேசமலர் கேட்டுக் கம்பியை விடாமல் பிடித்தபடி நின்றாள்.

"இப்பயாவது நம்புறீங்களோ ஐயா?"

"மேடு பள்ளமெல்லாம் நான் பாக்கல," என்றார் அழகுமுத்து. "நீ போயி தேத்தண்ணி குடி. டப்பாவ இங்க வச்சிட்டுப் போ. இனி எவன் கேட்டாலும் அது என்னோட தூளு."