வந்துக்கினே இருக்காரு

அம்மாவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சிவப்பை ஷாலினி சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர் நேற்று ஐந்தரை மணி நேரம் தட்டிலிருந்து தளும்பித் தளும்பி ரேகைக்குள் இறங்கியிருந்தது. போதும் விடு, நேரமாகிறது என்று பக்கத்து வீட்டு சின்னக்கண்ணு அத்தை கையைப் பிடித்து விலக்கினாள்.

புதுப்புடவை சுற்றி, தெருவில் வைத்திருந்த பாடையில் அம்மா தைலம்மாளைக் கிடத்தினார்கள். தூக்கப்போகும் சமயம் பார்த்து கிளைச் செயலாளர் மாயவன் செல்போனும் காதுமாக ஓடிவந்து மேளத்தை நிறுத்தினார். எம்.பி. சீட்டுக்கு நிற்கிறவரே மாலை போட வருகிறாராம். மலைமேல் கரியாலூரில் ஓட்டுக் கேட்டு முடித்துவிட்டாராம். தன் கையால் கட்சிக்கொடி போர்த்துவாராம்.

"வந்துக்கினே இருக்காரு. பத்து நிமிசம்."

ஷாலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையிலிருந்து இறங்கி இங்கே வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று பஸ் ஏறிய யாருக்கும் தெரியும். நேற்றும் இந்த ஆள் இதையேதான் சொன்னார். மணலூர்பேட்டை ரோட்டில் காலை ஒன்பது மணிக்கே ஆரத்தி எடுக்கக் கொண்டுபோய் இறக்கிய நாற்பது பெண்களிடம் அரை மணிக்கொரு தரம் சொன்னார். நிழலுக்கு ஒதுங்கினால் லைன் கலைகிறது என்று கத்தினார். வெயிலில் சூடம் கரையக் கரைய வேறு சூடம் வைத்தார், குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. தைலம்மாள் விழக்கூட இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். வேட்பாளரின் வண்டி வந்து, மற்றவர்கள் சுற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பத்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. அப்பா சின்னதுரை கட்சிக்கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாடையின் தலைமாட்டில் குந்தியிருந்தார். முப்பது வருடமாகக் கொடி கட்டியவர். வெயில் நேராக அம்மாவின் முகத்தில் விழுந்தது. ஷாலினி தன் நிழல் அந்த முகத்தில் விழும்படி நின்றாள். வெயில் நகர நகர அவளும் நகர்ந்தாள்.

"தூக்கலாம்ப்பா."

"பெரிய மனுசன் வரேன்னு சொல்லிக்கிறாரும்மா."

"அம்மா நேத்தே அவருக்காகக் காத்துக்கினுதான் இருந்துச்சு. செத்த பொறவும் காக்கணுமா?"

அப்பா மகளின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பாடையின் முன்கொம்பைப் பிடித்தார். அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மாயவன் பதறினார். மேளக்காரர்கள் அவர் காதருகிலேயே அடித்தார்கள்.

பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட்டார்கள். பாடை கரும்புக் கொல்லையோரம் திரும்பி மறைந்த பிறகுதான் பிரசார வண்டி பாட்டோடு வந்தது. தலைவிரி கோலமாக வரிசையில் நின்ற பெண்களைக் கண்டதும் வேட்பாளர் மேலிருந்தபடியே சிரித்துக் கும்பிட்டார். மாயவன் ஓடிப்போய்ச் சொன்ன பிறகு சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு இறங்கினார். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை, பக்கத்து ஆளிடம் கொடுத்தார். ஷாலினியிடம் இரண்டு வார்த்தை துக்கம் பேசினார். அதை ஒருவன் செல்போனில் எடுத்தான். நாற்பது ஊர் பழக்கம், போகும்போது கை தானாகக் குவிந்தது.

"அப்ப, போயிட்டு வரேம்மா."

சாவு விழுந்த இடத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. சின்னக்கண்ணு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வராதீங்க," என்றாள் ஷாலினி.

வீட்டைக் கழுவிவிடும்போது வாசல் மூலையில் அந்தத் தட்டு அகப்பட்டது. யாரோ நேற்று கொண்டுவந்து வைத்தது. ஆரத்தியை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, முச்சந்தியில் கொட்டிவிட்டு வா என்றாள் அத்தை.

ஷாலினி எடுத்துப் பார்த்தாள். கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சிவப்பு தட்டோடு காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் சூடம் வைத்த வெற்றிலை சருகாகச் சுருண்டு கிடந்தது.